கொலை வழக்குப் பொருள்களைச் சேகரிப்போரை வைத்து நீலகிரியில் ஒரு துப்பறியும் நாவல்

கோத்தகிரியில் இருந்துகொண்டு தம் முதல் நாவலை எழுதிவரும் ஒரு பெண் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. கொலைக்குப் பயன்பட்ட கத்தி, கொலையாளி சிறையிலிருந்து எழுதிய கடிதம், இறந்தவர் உடுத்தியிருந்த துணி போன்றவற்றை விலை கொடுத்து வாங்கிச் சேர்த்து வைக்கும் சிலரை மையமாகக் கொண்டு, குன்னூரின் பழைய பங்களா ஒன்றில் தொடங்கும் துப்பறியும் கதையை அவர் திட்டமிட்டிருக்கிறார். இப்படிப்பட்ட சேகரிப்பாளர்கள் உண்மையில் இருக்கிறார்களா, தமிழ் வாசகர் இதை நம்புவாரா, அத்தகைய பொருள் இங்கே எந்த வழியாக ஒருவர் கைக்கு வரும், களத்தைக் கொடைக்கானலுக்கு மாற்றினால் ஏதும் வேறுபடுமா என்பவை அவருடைய ஐயங்கள். குற்றவியல் வழக்குகளோடு நெடுங்காலம் பழகியவன் என்ற முறையிலும், துப்பறியும் கதைகளை விடாமல் படித்து வருபவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.

என் பதிலின் சாரம் இதுதான். உங்கள் நாவல் கொலையாளியின் மனத்தைத் துரத்திக்கொண்டு போக வேண்டாம். ஒரு பொருள் கொலை நடந்த இடத்திலிருந்து காவல் நிலையத்துக்கும், அங்கிருந்து நீதிமன்றத்துக்கும், பிறகு சட்டப்படி அழிக்கப்படுவதற்கோ உரியவரிடம் திரும்புவதற்கோ செல்லும் பாதையைக் கதை பின்பற்றட்டும். அந்தப் பாதையில் எந்த இடத்தில் பொருள் விலகியது, யார் கை அதை விலக்கியது என்பதே முடிச்சு. வேறு எந்தச் சேகரிப்பிலும் இல்லாத ஒரு நெருக்கடி இந்தச் சேகரிப்பில் இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். இந்த ஆசை உண்மையானதா என்ற முதல் ஐயத்தை முன்னதாகத் தீர்த்துவிடலாம்.

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் போல்ஸ்டெட் என்ற சிற்றூரில், 1827-இல் மரியா மார்ட்டன் என்ற பெண்ணை வில்லியம் கார்டர் என்பவன் கொன்று ஒரு களஞ்சியத்துக்குள் புதைத்தான். 1828 ஆகஸ்டில் பெருங்கூட்டத்தின் முன் அவனைத் தூக்கிலிட்ட பிறகு, தூக்குக்கயிறு துண்டு துண்டாக விற்கப்பட்டது. அங்குலம் ஒரு கினி (அக்கால ஆங்கிலேயப் பணம்) விலை போனதாகச் சொல்வார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் களஞ்சியத்தின் பலகைகளைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அவன் உடலைக் கூறுபோட்ட மருத்துவர் அவன் தோலைப் பதப்படுத்தி, அந்த வழக்கைப் பற்றிய புத்தகம் ஒன்றுக்கே அட்டையாகக் கட்டினார். அது பரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகரின் மாய்ஸஸ் ஹால் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. இவற்றையெல்லாம்விட முக்கியமானதாக எனக்குப் படுவது வேறொரு செய்தி. மரியாவின் கல்லறைக் கல்லையும் நினைவுப்பொருள் தேடி வந்தவர்கள் சில்லு சில்லாகப் பெயர்த்து ஒன்றும் மிஞ்சாமல் செய்துவிட்டார்கள். கொன்றவனின் தோல் பாதுகாக்கப்பட்டது. கொல்லப்பட்டவளுக்கு நட்ட கல் நிற்கவில்லை. உங்கள் நாவலுக்கு வேண்டிய கோபத்தை இங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் இது பெருவணிகமாகவே வளர்ந்தது. விஸ்கான்சினில் 1957-இல் கொலைக்காகக் கைதான எட் கீன் என்பவனுடைய ஃபோர்டு காரை 1958-இல் ஏலத்தில் 760 டாலருக்கு எடுத்த ஒருவர், அதைச் சந்தை சந்தையாகக் கொண்டுபோய், தலைக்கு 25 சென்ட் வாங்கிக்கொண்டு காட்டினார். முப்பதுக்கும் மேற்பட்ட இளைஞர்களைக் கொன்ற ஜான் வெய்ன் கேஸி சிறையில் இருந்தபடியே ஓவியங்கள் வரைந்து விற்றான். 1994 மே மாதம் அவனுக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்ட பிறகு, அவற்றில் 25 ஓவியங்களை விலை கொடுத்து வாங்கிய இருவர் அடுத்த மாதமே அவற்றைப் பொது இடத்தில் எரித்தார்கள். இறந்தவர்களின் குடும்பத்தாரும் அங்கே வந்து தங்கள் கையால் அவற்றை நெருப்பில் போட்டார்கள். கொலைகாரர்களின் முடி, நகம், கையெழுத்து எல்லாம் இணையத்தில் விலைக்கு வந்த காலத்தில், ஹூஸ்டன் நகர நிர்வாகத்தில் குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான பொறுப்பில் இருந்த ஆண்டி கான் என்ற அதிகாரி அந்த வணிகத்துக்கு ‘மர்டரபிலியா’ என்று பெயர் வைத்து, அதை எதிர்த்துத் தொடர்ந்து பேசினார். 2001-இல் இபே தளம் இவ்வகை விற்பனையைத் தடை செய்தது. வணிகம் நின்றுவிடவில்லை, வேறு தளங்களுக்குப் போனது. 2011-இல் நேர்மாறான ஒன்றும் நடந்தது. அஞ்சலில் வெடிகுண்டு அனுப்பிய டெட் கசின்ஸ்கியின் தட்டச்சுப்பொறி, கறுப்புக் கண்ணாடி, கைப்பிரதிகள் ஆகியவற்றை நீதிமன்ற ஆணைப்படி அரசே இணையத்தில் ஏலம் விட்டு, கிடைத்த சுமார் 2,32,000 டாலரைப் பாதிக்கப்பட்டவர்களுக்கென ஒதுக்கியது. எரிப்பது சரியா, விற்றுப் பணத்தைக் குடும்பத்துக்குக் கொடுப்பது சரியா என்ற கேள்வியை உங்கள் பாத்திரங்கள் இருவர் வாயில் வைத்தால், நாவலின் நடுப்பகுதி தானாகவே உயிர் பெறும். என்னைக் கேட்டால் நான் எரித்தவர்கள் பக்கம்.

‘இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் வியாதி, நம் வாசகர் நம்ப மாட்டார்’ என்ற தயக்கம் உங்களுக்கு வேண்டாம். கொலை நடந்த சில நாள்களிலேயே அதைப் பாட்டாகக் கட்டி, மட்டமான தாளில் அச்சிட்டு, சந்தையிலும் ரயிலிலும் திருவிழாவிலும் பாடி விற்ற ‘கொலைச் சிந்து’ என்ற வகையே தமிழில் உண்டு. சென்னையின் குஜிலிக்கடை வட்டாரத்து அச்சகங்கள் இத்தகைய நூல்களை ஏராளமாக வெளியிட்டன. காலணா, அரையணா கொடுத்து வாங்கிய ஏழை வாசகர்கள் அவற்றை நைந்து போகும் வரை படித்தார்கள். இன்று அவற்றில் ஒரு பிரதி கிடைப்பது அரிது. 1952-இல் ஆளவந்தார் கொலை வழக்கில், ரயிலில் வந்த டிரங்குப் பெட்டிக்குள் தலையில்லாத உடல் மானாமதுரையில் கண்டெடுக்கப்பட்டபோதும், தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தபோதும், அதைப் பற்றி வந்த ஒவ்வொரு துணுக்கையும் வெட்டி ஒட்டி வைத்த குடும்பங்கள் இருந்தன. எனவே உங்கள் சேகரிப்பாளர்களில் ஒருவராவது கொலைச் சிந்து சேகரிப்பவராகத் தொடங்கட்டும். அது தூய்மையான, அறிவார்ந்த ஆர்வம். நூலகங்களும் ஆய்வாளர்களும் அதற்கு நன்றி சொல்வார்கள். பாட்டில் வரும் அரிவாளைத் தேடிப் போகத் தொடங்கும் நாளில்தான் அவர் வேறு மனிதராகிறார்.

சிறையிலிருந்து வரும் எழுத்துக்கும் தமிழ்நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. பல கொலைகளுக்காகத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை ஒரு தமிழ் வார இதழ் வெளியிட முனைந்தபோது சிறை நிர்வாகம் எதிர்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. பொதுப் பதிவேடுகளில் இருக்கும் செய்திகளை வெளியிடுவதைத் தடுக்க முடியாது, வெளியாவதற்கு முன்பே அரசு தடை போடவும் முடியாது என்று 1994 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. அந்தரங்க உரிமையைப் பற்றிய விவாதங்களில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது. 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் மத்திய சிறையில் சங்கர் தூக்கிலிடப்பட்டார். அந்தக் கையெழுத்துப் பிரதியைப் போன்ற ஒன்று யாரிடம் போய்ச் சேரும் என்று கற்பனை செய்ய உங்களுக்கு என் உதவி தேவையில்லை.

இனி நம் மலைக்கு வருவோம். இறந்தவர்களுக்கு உரிய பொருளை எடுத்துச் சேர்ப்பது நீலகிரிக்குப் புதிதன்று. நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ், 1870-களின் தொடக்கத்தில் இந்த மலைகளின் பழைய ஈமக்குழிகள் பலவற்றைத் திறந்து, வெண்கலக் கிண்ணங்களையும் இரும்புக் கருவிகளையும் மண்ணுருவங்களையும் எடுத்தார்; அவை சென்னை அருங்காட்சியகத்துக்குச் சென்றன. உதகையில் நாம் நாள்தோறும் கடந்து போகும் பிரீக்ஸ் பள்ளி அவர் நினைவாக எழுந்தது. 1830-ஐ ஒட்டிக் கட்டப்பட்ட புனித ஸ்டீபன் தேவாலயத்தின் உத்தரங்கள், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. இவற்றைச் செய்தவர்களை உங்கள் கதையின் குற்றவாளிகளோடு சமமாக நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் சேகரிப்பாளர் தம்மை நியாயப்படுத்திக்கொள்ளும்போது இவற்றைத்தான் சொல்வார். ‘குழியைத் திறந்தவர் பெயரில் பள்ளிக்கூடம் இருக்கிறது, என்னை மட்டும் ஏன் கேட்கிறீர்கள்’ என்பார். அந்த வாதத்துக்கு விசாரணை அதிகாரி உடனே பதில் சொல்ல முடியாமல் திணறினால் நாவல் நேர்மையாக இருக்கும்.

பொருள் எப்படி வெளியே வரும் என்பதே உங்கள் கேள்விகளில் கனமானது. கொலை நடந்த இடத்தில் காவல் ஆய்வாளர் பார்வை மகஜர் (நேரில் கண்டதைச் சாட்சிகள் முன் பதியும் அறிக்கை) எழுதி, மாதிரி வரைபடம் போட்டு, இரத்தக்கறை படிந்த மண்ணையும் கறையில்லாத மண்ணையும் தனித்தனியே எடுத்து, கிடைத்த பொருள்களைச் சாட்சிகள் முன்னிலையில் கைப்பற்றுவார். நம் பக்கத்தில் கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும் பெரும்பாலும் அந்தச் சாட்சிகளாக இருப்பார்கள். கைதானவர் சொன்ன தகவலின் பேரில் புதரிலிருந்தோ ஓடையிலிருந்தோ அரிவாள் எடுக்கப்பட்டால் அதற்குத் தனி மகஜர். பிறகு அனைத்தும் படிவம் 95-இன் கீழ் நீதித்துறை நடுவரிடம் ஒப்படைக்கப்பட்டு, சொத்துப் பதிவேட்டில் எண் பெறும். ஆய்வுக்குரியவை நடுவரின் கடிதத்தோடு தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போய், அங்கே துணியில் ஒரு பகுதி வெட்டி எடுக்கப்பட்டு, புதிய முத்திரையோடு திரும்பி வரும். கொலை வழக்கு என்பதால் நடுவர் அதை அமர்வு நீதிமன்றத்துக்கு ஒப்படைப்பார். பொருள்களும் உதகைக்குப் போகும். விசாரணையில் சாட்சி அதை அடையாளம் காட்டும்போது அது சான்றுப் பொருள் 1, 2 என்று எண் பெற்று, சீட்டும் கையொப்பமும் பெறும். குன்னூரில் கைப்பற்றிய ஒரு சேலை இத்தனை கைகளைக் கடந்துதான் உதகையில் ஒரு அறைக்குள் போய்ச் சேர்கிறது.

கொலை வழக்குத் தீர்ப்புகளின் கடைசிப் பத்தியைப் படித்துப் பாருங்கள். நூறு பக்கத் தீர்ப்பின் முடிவில், விலையுள்ள நகை இன்னாரிடம் திருப்பித் தரப்பட வேண்டும் என்றும், இரத்தக்கறை படிந்த சேலை, ரவிக்கை, கல், அரிவாள் ஆகியவை மதிப்பற்றவை என்பதால் மேல்முறையீட்டுக் காலம் கழிந்தபின் அழிக்கப்பட வேண்டும் என்றும் இரண்டு மூன்று வரிகள் இருக்கும். எல்லோரும் தண்டனையைக் கேட்டுவிட்டு எழுந்து போன பிறகு, ஒருவரும் கவனிக்காத அந்த வரிகளில்தான் உங்கள் நாவல் தொடங்குகிறது. நீதிமன்றம் மதிப்பற்றது என்று எழுதிய அதே பொருளுக்கு ஒருவர் இலட்ச ரூபாய் கொடுக்க ஆயத்தமாக இருக்கிறார். மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் நடக்கும். அதற்குள் எழுத்தர்கள் மாறுவார்கள், கட்டிய சணல் இற்றுப்போகும், அரக்கு முத்திரை உதிரும். அழிக்க வேண்டிய நாள் வரும்போது, பதிவேட்டில் ‘அழிக்கப்பட்டது’ என்று எழுதுவதற்கும் உண்மையில் அழிப்பதற்கும் இடையில் ஒரு மனிதரின் நேர்மை மட்டுமே நிற்கிறது. என் அனுபவத்தில் அந்த நேர்மை பெரும்பாலும் நிற்கிறது; நாவலுக்கு அது விழும் ஒரே ஒரு தருணம் போதும். நீதிமன்றம் பழைய கட்டடத்திலிருந்து புதிய வளாகத்துக்கு இடம்பெயரும் வாரத்தை அந்தத் தருணமாக வைத்தால் இயல்பாக அமையும். ஆனால் இருக்கும் நீதிமன்றத்தின் பெயரைச் சொல்லித் திருட்டை அதன் மீது ஏற்ற வேண்டாம். மலையில் இல்லாத ஓர் ஊரைப் படைத்துக்கொள்ளுங்கள்.

திருட்டில்லாத வழிகளும் உண்டு. முன்பெல்லாம் காவல்துறையினர் கொலை நடந்த இடத்தைப் படமெடுக்க உள்ளூர் ஸ்டூடியோக்காரரை அழைத்துப் போவது வழக்கம். பிரதியும் நெகட்டிவும் நீதிமன்றத்துக்குப் போனாலும், ஒன்றிரண்டு படங்கள் ஸ்டூடியோவின் பழைய பெட்டியில் தங்கிவிடும். வழக்கறிஞர் இறந்த பிறகு அவருடைய கட்டுகளைப் பிள்ளைகள் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடுவதும் நடப்பதுதான். இவற்றை வாங்கியவர் சட்டப்படி குற்றவாளி ஆகாமலே இருக்கலாம். உங்கள் பாத்திரம் தன் மனச்சாட்சியைப் பழக்கப்படுத்திக்கொள்ளும் முதற்படியாக இதை வையுங்கள்.

முன்னே நெருக்கடி என்று சொன்னது இதுதான். நாணயம் சேர்ப்பவரும் தபால்தலை சேர்ப்பவரும் தம் பொருள் உண்மையானது என்று காட்டச் சான்று தேடுவார்கள். சான்று கிடைத்தால் அவர்களுக்கு மதிப்பு கூடும், தீங்கு எதுவும் இல்லை. கொலை வழக்குப் பொருளில் உண்மைக்குச் சான்று எது? குற்ற எண், சான்றுப் பொருள் எண், சாட்சிகளின் கையெழுத்து, நடுவரின் சுருக்கொப்பம் ஆகியவை கொண்ட அந்தச் சீட்டுதான். சீட்டு இல்லாத அரிவாள் வெறும் பழைய இரும்பு. எந்தக் கொல்லன் பட்டறையிலும் கிடைக்கும். சீட்டு இருக்கும் அரிவாளோ, அது அழிக்கப்பட்டிருக்க வேண்டிய நீதிமன்றச் சொத்து என்பதைத் தானே சொல்லிவிடுகிறது. ஆக, தன் பொருள் போலி என்று ஒப்புக்கொண்டால்தான் அவர் குற்றத்திலிருந்து தப்ப முடியும். உண்மை என்று நிலைநாட்டினால் சேகரிப்பாளராக வெல்வார், குற்றவாளியாகச் சிக்குவார். பெருமையை விட முடியாத ஒரு மனிதரை இந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். துப்பறிபவர் அவரை மிரட்ட வேண்டியதே இல்லை. மற்றச் சேகரிப்பாளர்கள் முன்னிலையில் ‘இது போலி’ என்று சொன்னால் போதும், அவரே சீட்டை எடுத்து வந்து மேசையில் வைப்பார். இந்த ஒரு காட்சிக்காகவே உங்கள் நாவலை நான் காத்திருந்து படிப்பேன்.

சட்டப் பிரிவுகளில் ஒரு எச்சரிக்கை. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் நடப்பில் உள்ளன. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497-ஆம் பிரிவு, கைப்பற்றிய சொத்து முன்வைக்கப்பட்ட 14 நாளுக்குள் நீதிமன்றம் அதன் விவரப் பட்டியலைத் தயாரிக்க வேண்டும், நிழற்படமோ காணொளியோ எடுக்க வேண்டும் என்கிறது. விசாரணை முடிந்தபின் சொத்தை என்ன செய்வது என்பது 498-ஆம் பிரிவில் வருகிறது. எனவே புதிய பொருளைவிட, படம் எடுக்கப்படாத பழைய பொருளே திருடனுக்கு வசதியானது. திருட்டு 2024 ஜூலை 1-க்கு முன் நடந்திருந்தால் வழக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின்படியே நடக்கும்: காவலில் வைத்த அரசு ஊழியருக்கு 409, தெரிந்தே வாங்கியவருக்கு 411. பின்னால் நடந்திருந்தால், தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316, 317. பழைய திருட்டுக்குப் புதிய பிரிவைப் போட்டு எழுதினால் வழக்கறிஞர் வாசகர் புத்தகத்தை அங்கேயே மூடிவிடுவார். இவ்வகைப் பொருள்களின் விற்பனையைத் தடுப்பதற்கென்றே ஒரு தனிச்சட்டம் நம்மிடம் இல்லை; வழக்கு முழுவதும் உடைமை யாருடையது என்பதன் மீதுதான் நிற்கும்.

போலிகளைக் கண்டுபிடிக்கும் இடங்களில் தமிழ்நாட்டு வரலாறு உங்களுக்கு அள்ளித் தருகிறது. உதகையின் 643001 என்ற எண் எழுதிய உறை 1972 ஆகஸ்ட் 15-க்கு முந்தையதாக இருக்க முடியாது, அஞ்சல் குறியீட்டு எண் அன்றுதான் வந்தது. ‘தமிழ்நாடு’ என்ற முத்திரை கொண்ட அரசுத் தாள் 1969 ஜனவரிக்கு முன்னால் போகாது. நயா பைசாவில் விலை குறித்திருந்தால் 1957 ஏப்ரலுக்குப் பிந்தையது. உதகையில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 1960-களில் உருவானது. அந்த ஆலையின் பிலிமில் 1950-களின் கொலைக்களம் பதிவாகியிருந்தால் அது மறுபடம் எடுத்த போலி என்று, அந்த ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரே துப்பறிபவருக்குச் சொல்லலாம். எனக்கு மிகப் பிடித்தது கொலைச் சிந்தில் வரக்கூடிய தடயம். 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் வரை, லகர ஐகாரத்துக்கு, அதாவது ‘லை’ என்ற எழுத்துக்கு, மேலே கொம்பு வளைந்த பழைய வடிவமே பொதுவாக அச்சில் இருந்தது. 1930-இல் அச்சிட்டதாகச் சொல்லப்படும் சிந்தின் முகப்பில் ‘கொலை’ என்ற சொல் இன்றைய வடிவில் இருந்தால், அது போலி என்பதற்கு அட்டையே போதும். ஒரு நுணுக்கம் மட்டும்: பெரியாரின் ஏடுகள் 1935 முதலே சீர்திருத்த எழுத்தைக் கையாண்டன, ஆகவே உங்கள் போலிக்காரர் அதைக் காட்டித் தப்பப் பார்ப்பார், ஆண்டு அவரைக் கைவிட்டுவிடும். மேலும், எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால் ‘சென்னை மூர் மார்க்கெட்டில்’ என்று அவர் சொல்லட்டும். 1985-இல் எரிந்து போன சந்தையைப் போய் விசாரிக்க யாராலும் முடியாது.

மலையின் ஈரத்தை மறந்துவிடாதீர்கள். 2,200 மீட்டருக்கு மேலான உதகையிலும், தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவ மழையையும் வாங்கும் குன்னூர்ச் சரிவிலும் துணியும் தோலும் தாளும் பூஞ்சை பிடிக்காமல் இருப்பதே அதிசயம். பங்களாவில் யாரும் புழங்காத ஓர் அறைக்கு மட்டும் இரவும் பகலும் ஈரப்பதம் நீக்கும் கருவி ஓடுகிறது, மின்கட்டணம் ஒத்துவரவில்லை என்பது இயல்பான தடயம். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குத்தான் அது முதலில் தெரியும். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற ஆணைப்படி மலைக்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும் என்பதால், சமவெளியிலிருந்து வந்த வண்டி எது என்று ஆய்வாளர் எளிதில் பார்த்துவிடலாம். உள்ளூர்ப் பதிவெண் கொண்ட வண்டிக்கு அது தேவையில்லை என்பதில் கொலையாளிக்கு ஒரு வாசல் திறக்கிறது.

இத்தனைக்கும் நடுவில் இறந்தவர் யார் என்பதை நீங்கள் சொல்லவில்லை. உங்கள் சுருக்கத்தில் சேகரிப்பாளர்கள் ஐவருக்குப் பெயர் இருக்கிறது, அந்தச் சேலைக்கு உரியவளுக்குப் பெயர் இல்லை. இதை மாற்றுங்கள் என்று வற்புறுத்திக் கேட்கிறேன். பந்தலூர்ப் பக்கம் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் குடியிருப்பில், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் மகளாக அவள் இருக்கட்டும். காணாமல் போனபோது அடையாளத்துக்காகக் காவல் நிலையத்தில் கொடுத்த ஸ்டூடியோ படம்தான் வீட்டில் இருந்த ஒரே படம்; அது வழக்கில் ஆவணமாகக் குறிக்கப்பட்டு, பிறகு திரும்பவே இல்லை. நகையைத் திரும்பப் பெற மனுப் போடும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். படத்தைக் கேட்டு மனுப் போடலாம் என்று அந்தத் தாய்க்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் பந்தலூரிலிருந்து உதகைக்கு வந்துபோக ஒரு நாள் கூலி போகும். அந்தப் படம் குன்னூர்ப் பங்களாவில் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருக்கிறது என்று எழுதினால், வாசகர் அங்கிருக்கும் எந்த அரிவாளையும் விட அதைப் பார்த்துத்தான் பதறுவார்.

இரண்டு தவிர்ப்புகளைச் சொல்லிவிடுகிறேன். மாந்திரீகச் சாயல் வேண்டும் என்பதற்காகக் குறும்பர் பழங்குடியினர் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள். பில்லிசூனியம் செய்தார்கள் என்று பழி சுமத்தப்பட்டுப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த மலையில் குறும்பர்கள் கொல்லப்பட்ட வரலாறு இருக்கிறது. அதே பழியை ஒரு நாவல் அலங்காரமாக மீண்டும் சுமத்தக் கூடாது. இன்னொன்று, நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் எந்த வழக்கின் நிழலும் கதையில் விழ வேண்டாம். எஸ்டேட், காவலாளி என்று எழுதியதுமே வாசகர் மனம் வேறெங்கோ போய்விடும்.

கொடைக்கானலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்த ஊர் திண்டுக்கல் மாவட்டத்தில் இருப்பதால், கொலை வழக்கு அங்கிருந்து ஒப்படைக்கப்பட்டதும் பொருள்கள் மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கிவிடும். மேல்முறையீடு மதுரைக் கிளைக்குப் போகும். நீலகிரியில் காவல் நிலையம், நடுவர் நீதிமன்றம், அமர்வு நீதிமன்றம் எல்லாம் மலை மேலேயே இருப்பதால், ஒரு பொருள் கைப்பற்றிய நாள் முதல் அழியும் நாள் வரை மலையை விட்டு இறங்க வேண்டிய அவசியம் ஆய்வகத்துக்குப் போய் வருவதைத் தவிர வேறில்லை. சந்தேகத்துக்குரியவர்கள் அனைவரையும் ஒரே மலையில் வைத்திருக்க விரும்பும் உங்கள் கதைக்கு நீலகிரியே பொருந்தும். திருட்டு மலைப்பாதையில், வண்டிக்குள் நடக்க வேண்டுமென்றால் மட்டும் கொடைக்கானலுக்கு மாற்றுங்கள்.